ஆல்டிஹைடா, கீட்டோனா? கரிமப் பகுப்பாய்வுச் செய்முறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தவர்களில் பலர் பிளஸ் டூ வரை சோதனைக்குழாயைக் கையில் பிடித்தே அதிகம் பழகியிருக்க மாட்டார்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தேர்வு மேசையில் எண் மட்டும் ஒட்டிய ஒரு சின்ன பாட்டில் இருக்கும். மூன்று மணி நேரத்துக்குள் உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல வேண்டும். ஆல்டிஹைடு, கீட்டோன் பகுதியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் வேதியியல் தெரியாததால் அல்ல. அழுக்குக் குழாய், தவறான தண்ணீர், தவறான வரிசை, இந்த மூன்றால்தான்.

1. உள்ளே போவதற்கு முன்: தாள்கள், பொருள்கள், செலவு

ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு செய்முறைக்கும் ஆசிரியர் கையெழுத்தும், முதல் பக்கத்தில் துறைத் தலைவர் கையொப்பமிட்ட போனஃபைட் சான்றும் வேண்டும். தேர்வுக்கு முந்தின நாள் அந்தக் கையெழுத்துக்காக அலைவது பெரிய வேலை. ஒவ்வொரு வாரமும் வாங்கிவிடுங்கள். ஹால் டிக்கெட், அப்சர்வேஷன் நோட்டு, பருத்திக் கோட்டு, மூடிய செருப்பு ஆகியவையும் தேவை. பாலியெஸ்டர் கோட்டு விலை குறைவு என்று வாங்காதீர்கள், தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும்.

கையில் சொந்தமாக இருக்க வேண்டியவை: சோதனைக்குழாய் தூரிகை, இரண்டு துளிக்குழாய், ஒரு குழாய் இடுக்கி, கண்ணாடி எழுதும் பென்சில். இவற்றுக்கு ஆகும் செலவு சின்னது. ஆண்டு முடிவில் கட்டும் உடைப்புக் கட்டணத்தில் கண்ணில் படுவது வெப்பமானிதான். அதைக் கலக்கும் குச்சியாகப் பயன்படுத்தாமல் இருந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

சிறிய பள்ளி, கல்லூரிக்கு வேதிப்பொருள் வாங்கிவைக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால், பணம் போவது சில்வர் நைட்ரேட்டில். அதன் எடையில் 63.5 சதவீதம் வெள்ளி. வெள்ளி விலை ஏறினால் இதுவும் ஏறும், ஆகவே போன வருடத்துப் பில்லை வைத்து மதிப்பீடு போடாதீர்கள். 5 சதவீதக் கரைசல் 100 மி.லி. செய்ய 5 கிராம் போதும். ஒரு சோதனைக்கு 1 மி.லி. என்றால் நூறு சோதனை. கரைசலைப் பழுப்பு பாட்டிலில் அலமாரி இருட்டில் வையுங்கள்.

அடர் அமிலங்கள் வாங்க நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துப் போங்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுப்படி அமிலம் விற்பவர் வாங்குபவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. அதனால் மாணவரை அனுப்பி வாங்கிவரச் சொல்லும் பழக்கம் இனி உதவாது. கல்விக்கூடமும் அமிலத்துக்குத் தனிப் பயன்பாட்டுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும்.

2. தண்ணீர்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு சுவையாக இருந்தாலும் சில்வர் நைட்ரேட்டுக்கு அதுவும் குழாய்த் தண்ணீர்தான். ஆழ்குழாய்த் தண்ணீர் இன்னும் மோசம். குளோரைடு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும், அந்தக் கலங்கலைப் பார்த்து ஏதோ வினை நடந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள்.

வாலை வடிநீர் இல்லையென்றால் பேட்டரிக் கடையில் கிடைக்கும் தண்ணீரை வாங்கலாம். வாங்கியதும் 1 மி.லி. எடுத்து ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். தெளிவாக இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். குழாயைக் குழாய்த் தண்ணீரில் கழுவலாம், ஆனால் கடைசியாக இரண்டு முறை வடிநீரில் அலசுங்கள்.

குழாய் சீக்கிரம் காய வேண்டும் என்று அசிட்டோன் ஊற்றி அலசும் வழக்கம் பல கூடங்களில் உண்டு. இந்தச் செய்முறையில் மட்டும் அது கூடாது. அசிட்டோன் ஒரு கீட்டோன். குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு துளி போதும், எந்தப் பொருளைப் போட்டாலும் 2,4-டிஎன்பி சோதனையில் (பகுதி 4) மஞ்சள் வீழ்படிவு வரும். எத்தனாலில் அலசினால் அயோடோஃபார்ம் சோதனை (பகுதி 8) கெடும்.

3. முதல் பத்து நிமிடம்: பார்வை, மணம், தீ

பாட்டிலை மூக்கில் வைத்து இழுக்காதீர்கள், கையால் விசிறி மணம் பாருங்கள். பென்சால்டிஹைடு கசப்பு வாதுமை மணம். சின்னமால்டிஹைடு என்றால் பிரியாணிப் பட்டையேதான், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அசிட்டோன் நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் மணம்.

கொதிநிலையை ஒரு தடவை மனதில் பதியுங்கள். ஏறக்குறைய ஒரே மூலக்கூறு எடையுள்ள பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே, புரப்பனால் (ஆல்டிஹைடு) 49 டிகிரி, அசிட்டோன் 56 டிகிரி, புரப்பன்-1-ஆல் 97 டிகிரி. கார்பனைல் தொகுதியில் (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் பகுதி) ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதால் மூலக்கூறுக்கு முனைவு உண்டு, அதனால் ஆல்கேனைவிட உயர்வு. ஆனால் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை, அதனால் ஆல்கஹாலைவிடத் தாழ்வு. வாய்மொழித் தேர்வில் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

சித்திரை வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. அசிட்டால்டிஹைடு 21 டிகிரியிலேயே கொதிக்கும். காரைக்குடிப் பகல் வெப்பத்தில் மூடியைத் திறந்தால் சீறிக்கொண்டு வரும். பாட்டிலைப் பனிக்கட்டியில் அரை மணி நேரம் வைத்த பிறகே திறக்க வேண்டும். அசிட்டோஃபீனோன் 20 டிகிரியில் உறையும் என்று நூலில் படித்துவிட்டுத் திண்மத்தைத் தேட வேண்டாம், நம் ஊர்ப் பகலில் அது எண்ணெய் போன்ற திரவம்தான். பென்சோஃபீனோன் 48 டிகிரியில் உருகும், ஆகவே படிகமாகவே கிடைக்கும்.

பிறகு நிக்கல் கரண்டியில் ஒரு துளியைத் தீயில் காட்டுங்கள். புகை கக்கினால் அரோமேட்டிக், அதாவது பென்சீன் வளையம் உள்ளது. நிறைவுறாத் தன்மைக்குப் புரோமின் கரைசலை நம்புங்கள். நீர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் நிறத்தை ஆல்டிஹைடுகளும் போக்கும், ஆகவே அதை மட்டும் பார்த்து ‘இரட்டைப் பிணைப்பு உண்டு’ என்று எழுதினால் பென்சால்டிஹைடு சின்னமால்டிஹைடு ஆகிவிடும்.

4. கார்பனைல் இருக்கிறதா: 2,4-டிஎன்பி சோதனை

இதை முடிக்காமல் டாலன்ஸுக்குப் (ஆல்டிஹைடு இருந்தால் குழாய்ச் சுவரில் வெள்ளி ஆடியாகப் படியும் சோதனை) போகாதீர்கள். ஃபார்மிக் அமிலமும் குளுக்கோஸும் வெள்ளி ஆடி தரும், எத்தனாலும் அயோடோஃபார்ம் தரும். கார்பனைல் உறுதியான பிறகுதான் அந்தச் சோதனைகளுக்கு அர்த்தம்.

வினைப்பொருள் செய்ய: 2 கிராம் 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீனை 100 மி.லி. மெத்தனாலில் கலக்கி, 4 மி.லி. அடர் கந்தக அமிலத்தைத் துளித்துளியாகச் சேருங்கள். சூடேறும், குளிர வைத்து வடிகட்டுங்கள். 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் நன்றாகக் காய்ந்தால் வெடிக்கக் கூடியது. அதனால்தான் ஈரத்தோடு விற்கிறார்கள். ‘ஈரமாக இருக்கிறதே’ என்று ஓவனில் வைக்காதீர்கள். கையில் பட்டால் மஞ்சள் கறை சில நாள் போகாது, கையுறை போடுங்கள்.

சோதனை: பொருளில் இரண்டு துளியை 2 மி.லி. ஆல்கஹாலில் கரைத்து, 3 மி.லி. வினைப்பொருள் சேர்த்துக் குலுக்குங்கள். பெரும்பாலும் உடனே வீழ்படிவு வரும். வராவிட்டால் நீர்த்தொட்டியில் லேசாகச் சூடாக்கி, 15 நிமிடம் ரேக்கில் விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். பென்சோஃபீனோன் போன்ற பருமனானவை தாமதிக்கும். மஞ்சள் என்றால் பெரும்பாலும் அலிஃபேட்டிக், ஆரஞ்சும் சிவப்பும் என்றால் பென்சீன் வளையமோ இரட்டைப் பிணைப்போ கார்பனைலோடு ஒட்டியிருக்கிறது. வினைப்பொருளே ஆரஞ்சு நிறம் என்பதால் நிறத்தைக் குழாயில் பார்க்காமல், வடிதாளில் வடித்துக் கழுவிய பின் பாருங்கள்.

எஸ்டர், அமைடு, கார்பாக்சிலிக் அமிலம் ஆகியவற்றில் கார்பனைல் இருந்தாலும் இந்தச் சோதனை வராது. பயிற்சிக்குக் கடையில் நகப்பூச்சு நீக்கி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்: ‘அசிட்டோன் இல்லாதது’ என்று போட்டு விற்பதில் எத்தில் அசிட்டேட் போன்ற எஸ்டர்தான் வழக்கமாக இருக்கும். அதில் வீழ்படிவு வராததைப் பார்த்து வினைப்பொருளைக் கொட்டிவிடாதீர்கள்.

5. டாலன்ஸ்: இங்கேதான் கை பழக வேண்டும்

ஆல்டிஹைடில் கார்பனைல் கார்பனோடு ஒரு ஹைட்ரஜன் நேரடியாக இருக்கிறது. அதனால் ஆல்டிஹைடு எளிதில் ஆக்சிஜனேற்றமடைந்து அமில உப்பாகும், வெள்ளி அயனி உலோகமாகும். கீட்டோனில் அந்த ஹைட்ரஜன் இல்லை. சோதனையின் சாரம் இவ்வளவே, மற்றதெல்லாம் கைப்பக்குவம்.

குழாயை 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி, கொட்டி, வடிநீரில் அலசுங்கள். கொழுப்பு ஒட்டிய சுவரில் வெள்ளி பிடிக்காது, கறுப்புத் தூளாக அடியில் இறங்கும். கறுப்புத் தூளும் நேர்மறை முடிவுதான், ஆனால் ஆடி வந்தால் ஆசிரியர் மறுகேள்வி கேட்கமாட்டார்.

5 சதவீத சில்வர் நைட்ரேட் 1 மி.லி. எடுங்கள். அதில் 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு ஒரே ஒரு துளி. பழுப்பு நிறத்தில் சில்வர் ஆக்சைடு வீழும். இப்போது நீர்த்த அம்மோனியா, ஏறக்குறைய 2 சதவீதம், ஒவ்வொரு துளியாக விட்டு ஒவ்வொரு துளிக்கும் குலுக்குங்கள். பழுப்பு மெல்ல மெல்லக் குறைந்து, கடைசித் துணுக்கு மறையும் நொடியில் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு துணுக்கு மிஞ்சினாலும் பரவாயில்லை. அடர் அம்மோனியாவை நேரே ஊற்றுகிறவர்களுக்கு வீழ்படிவு சட்டென்று மறையும், அம்மோனியாவும் அளவு மீறிவிடும். வெள்ளி அயனி அம்மோனியாவின் பிடியில் இறுகிப்போய், வினை மந்தமாகும். ‘என் ஆல்டிஹைடு ஆடி தரவில்லை’ என்ற புகாரில் முக்கால்வாசி இதனால்தான்.

இதில் பொருளை இரண்டு துளி மட்டும் விடுங்கள். பென்சால்டிஹைடு நீரில் கரையாது, அதனால் நன்றாகக் குலுக்க வேண்டும். ஓரிரு துளி ஆல்கஹால் சேர்க்கலாம். பிறகு 60 முதல் 70 டிகிரி வரை சூடான தண்ணீர் உள்ள பீக்கரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஆட்டாமல் வையுங்கள். நேரடித் தீ கூடவே கூடாது. செட்டிநாட்டு வீட்டு வளவில் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடி போல் குழாய்ச் சுவர் மின்னும். பக்கத்தில், பொருள் சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்றையும் அதே பீக்கரில் வையுங்கள். அதுவும் கறுத்தால் சோதனை செல்லாது, சூடு அதிகம் அல்லது குழாய் அழுக்கு.

மிச்சமான டாலன்ஸ் கரைசலைப் பாட்டிலில் சேமிப்பது ஆபத்து. நின்றால் வெடிக்கும் தன்மையுள்ள வெள்ளிச் சேர்மங்கள் உருவாகும். தேவைக்குச் செய்து, அன்றே நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து அமிலமாக்கி, உப்புக் கரைசல் விட்டு வெள்ளைக் குளோரைடாக வீழ்த்திக் கழிவுப் பாட்டிலில் சேருங்கள். ஆண்டு முழுவதும் சேர்ந்தால் வெள்ளியை மீட்கலாம். ஆடி பிடித்த குழாயையும் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டுக் கழுவுங்கள்.

6. பெலிங், ஷிப்

பெலிங் ‘ஏ’: காப்பர் சல்பேட் படிகம் 6.93 கிராம், 100 மி.லி. நீரில். ‘பி’: ரோஷெல் உப்பு 34.6 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 12 கிராம், 100 மி.லி. நீரில். தனித்தனியாக வைத்து, பயன்படுத்தும்போது சம அளவு கலக்குங்கள். கலந்ததை நாளைக்கு என்று வைத்தால் கெடும். அலிஃபேட்டிக் ஆல்டிஹைடோடு கொதிநீர்த் தொட்டியில் வைத்தால் செங்கல் சிவப்பில் குப்ரஸ் ஆக்சைடு வரும்.

பென்சால்டிஹைடு டாலன்ஸுக்குப் பதில் சொல்லும், பெலிங்குக்குச் சொல்லாது. இதை முரண்பாடு என்று நினைத்துப் பதற வேண்டாம், இதுவே உங்களுக்குக் கிடைத்த தடயம். மறுபுறம், ஃபிரக்டோஸ் கீட்டோன் சர்க்கரையாக இருந்தும் இரண்டுக்கும் பதில் சொல்லும். அது கார ஊடகத்தில் ஆல்டோஸாக மாறிக்கொள்ளும்.

ஷிப் சோதனையில், சல்பர் டைஆக்சைடால் நிறம் போக்கிய சாயம் ஆல்டிஹைடு பட்டால் இளஞ்சிவப்பாகும். இதில் சூடாக்கக் கூடாது. சூடானால் சல்பர் டைஆக்சைடு வெளியேறிச் சாயம் தன் இளஞ்சிவப்பைத் தானே மீட்டுக்கொள்ளும். காரம் பட்டாலும் அப்படியே. குளிரில் இரண்டு நிமிடத்துக்குள் வரும் நிறத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

7. பழைய பாட்டில் பென்சால்டிஹைடு

பென்சால்டிஹைடு காற்றில் தானாகவே பென்சாயிக் அமிலமாகும். பாட்டில் கழுத்தில் வெள்ளைப் படிகம் கண்டால் அது இதுதான். அப்படிப்பட்ட மாதிரி சோடியம் பைகார்பனேட்டோடு நுரைக்கும், மாணவர் ‘கார்பாக்சிலிக் அமிலம்’ என்று எழுதி அத்தோடு நிறுத்திவிடுவார். நுரை மெலிதாக இருந்து, வாதுமை மணமும் இருந்தால், பொருளை 10 சதவீத சோடியம் கார்பனேட் கரைசலோடு குலுக்கி, எண்ணெய் அடுக்கைப் பிரித்து, அதில் 2,4-டிஎன்பி பாருங்கள். மாதிரி கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: தேர்வுக்கு முந்தின வாரம் இதைச் செய்து பாட்டிலை நிரப்புங்கள். மாணவர் மீது பழி போட வேண்டியதில்லை.

8. கீட்டோன் பக்கம்

டிஎன்பி வந்தது, டாலன்ஸ் வரவில்லை, வெற்றுக் குழாயும் சரி. அப்படியானால் கீட்டோன். அடுத்த கேள்வி, கார்பனைலை ஒட்டி மெத்தில் உண்டா என்பது.

அயோடோஃபார்ம்: 10 கிராம் அயோடினையும் 20 கிராம் பொட்டாசியம் அயோடைடையும் 100 மி.லி. நீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து துளிப் பொருள், 2 மி.லி. நீர், 1 மி.லி. 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு. அயோடின் கரைசலைப் பழுப்பு நிறம் நிலைக்கும் வரை துளித்துளியாக விட்டு, 60 டிகிரியில் இரண்டு நிமிடம். மஞ்சள் படிகமும் ஆஸ்பத்திரி வாடையும் வரும், படிகம் 119 டிகிரி அருகே உருகும். அசிட்டோன், அசிட்டோஃபீனோன், அசிட்டால்டிஹைடு மூன்றும் தரும். பென்சோஃபீனோன் தராது.

சோடியம் நைட்ரோபுருசைடு சோதனையில் மெத்தில் கீட்டோனுக்குச் சிவப்பு வரும். கரைசல் அன்றன்றைக்குச் செய்ததாக இருக்க வேண்டும்.

நிறைவுற்ற சோடியம் பைசல்பைட் கரைசலோடு குலுக்கினால் பென்சால்டிஹைடும் அசிட்டோனும் வெள்ளைப் படிகமாகும். அசிட்டோஃபீனோன் ஆகாது. பென்சீன் வளையம் ஒரு பக்கமும் மெத்தில் மறுபக்கமும் நின்று, பருமனான பைசல்பைட்டை நெருங்க விடுவதில்லை, வளையம் கார்பனைலின் நேர்மின் தன்மையையும் தணிக்கிறது. கருக்கவர் சேர்க்கையில் ஃபார்மால்டிஹைடு முதலாவது, மற்ற ஆல்டிஹைடுகள் அடுத்து, கீட்டோன் கடைசி என்று பாடத்தில் படிக்கும் வரிசையை இந்தக் குழாயில் கண்ணால் பார்க்கலாம்.

9. வழிப்பொருளும் உருகுநிலையும்

டிஎன்பி வீழ்படிவை வடித்து, ஆல்கஹாலில் கழுவி, சூடான ஆல்கஹாலில் மறுபடிகமாக்கிக் காயவைத்து உருகுநிலை பாருங்கள். அசிட்டோனுடையது 126 டிகிரி, சைக்ளோஹெக்சனோனுடையது 162. ஆனால் பென்சால்டிஹைடு வழிப்பொருள் (அதிலிருந்து செய்த படிகம்) 237, பென்சோஃபீனோன் வழிப்பொருள் 238. உங்கள் வெப்பமானி இந்த ஒரு டிகிரியைக் காட்டாது. அதற்கு செமிகார்பசோன் செய்யுங்கள்: செமிகார்பசைடு ஹைட்ரோகுளோரைடு 1 கிராம், சோடியம் அசிடேட் படிகம் 1.5 கிராம், நீர் 10 மி.லி., பொருள் அரை கிராம், கரைய வேண்டிய அளவு ஆல்கஹால். பென்சால்டிஹைடுக்கு 222, அசிட்டோஃபீனோனுக்கு 198, பென்சோஃபீனோனுக்கு 165 அருகே. சோடியம் அசிடேட்டை மறந்தால் அமிலத்தன்மை மிகுந்து, அமீன் புரோட்டான் ஏற்றுக் கருக்கவரும் திறனை இழந்துவிடும், படிகமே வராது.

நேரக் கணக்கு: காய்வதற்கு முப்பது நிமிடம், உருகுநிலைக்கு இருபது. ஆகவே வழிப்பொருளைத் தேர்வின் முதல் மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். தனிமச் சோதனைக்குச் சோடியம் உருக்கும் நேரத்தில் டிஎன்பி குழாய் பக்கத்தில் நிற்கட்டும்.

10. தயாரிப்புச் செய்முறை கொடுத்தால்: டைபென்சால்அசிட்டோன்

சோடியம் ஹைட்ராக்சைடு 5 கிராம், நீர் 50 மி.லி., ஆல்கஹால் 40 மி.லி. கரைத்துக் குளிர வையுங்கள். பென்சால்டிஹைடு 5.3 கிராம், அசிட்டோன் 1.45 கிராம் கலவையில் பாதியை விட்டுக் கலக்குங்கள், கால் மணி கழித்து மீதி. மஞ்சள் படிகம் குவியும். கோட்பாட்டு விளைச்சல் 5.9 கிராம், உருகுநிலை 112 டிகிரி.

வெப்பநிலை 20 முதல் 25 வரை இருக்க வேண்டும். நம் கூடங்களில் மார்ச் முதல் ஜூன் வரை அறை வெப்பமே அதற்கு மேல், ஆகவே பனிக்கட்டித் தொட்டி கட்டாயம். பனிக்கட்டி கிடைக்கக் காலை பத்து மணிக்குப் பிறகு தேடாதீர்கள், மீன் கடைக்காரர்கள் எடுத்துப் போயிருப்பார்கள். அசிட்டோன் அதிகமானால் ஒரு பக்கம் மட்டும் குறுக்கமடைந்த பென்சால்அசிட்டோன் கலக்கும், பொருள் ஒட்டும் பிசினாக வரும். அசிட்டோன் எளிதில் ஆவியாகும் என்பதால் கடைசியில் எடை போட்டு உடனே மூடுங்கள். படிகத்தில் காரம் மிஞ்சினால் உருகுநிலை சரியும், கழுவிய நீர் சிவப்பு லிட்மஸை நீலமாக்குவது நிற்கும் வரை கழுவுங்கள்.

இங்கே பென்சால்டிஹைடில் ஆல்ஃபா ஹைட்ரஜன் (கார்பனைலை அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன்) இல்லாததால் அது தன்னோடு தானே ஆல்டால் குறுக்கமடையாது. ஆனால் 50 சதவீதம் போன்ற அடர் காரத்தில் விட்டால் கேனிசரோ வினை நடந்து பென்சைல் ஆல்கஹாலும் பென்சோயேட்டும் ஆகும். காரத்தின் அடர்த்தியைத் தவறாகச் செய்து இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.

11. பணமில்லாமல் பயிற்சி செய்ய

சமையலறையில் இருக்கும் பட்டையும் சீரகமும் ஆல்டிஹைடு மூலங்கள்: ஒன்றில் சின்னமால்டிஹைடு, மற்றதில் கியூமினால்டிஹைடு. 20 கிராம் பட்டையை இடித்து 150 மி.லி. நீரில் போட்டு, 50 மி.லி. வரும் வரை காய்ச்சி வடியுங்கள். பால்போல் கலங்கிய நீர் வரும். அதில் 2 மி.லி. எடுத்து டிஎன்பி விட்டால் ஆரஞ்சு-சிவப்பு. நன்றாகக் குலுக்கி டாலன்ஸ் பாருங்கள், புரோமினும் நிறம் இழக்கும். ஏற்கெனவே அரைத்த மசாலாத்தூளை எடுக்காதீர்கள். மணம் போன தூளில் ஆல்டிஹைடு மிச்சம் இருக்காது, இருந்தாலும் கொத்தமல்லி, மிளகாய் எல்லாம் கலந்து முடிவைக் குழப்பும். வடித்த பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்குக் கொண்டுபோக வேண்டாம், கூடத்துக் கண்ணாடியிலேயே செய்யுங்கள்.

12. வெளியே வரும் முன்

ரெக்கார்டில் முடிவை மட்டும் எழுதாதீர்கள். சோதனை, காண்பது, உய்த்தறிவது என்று மூன்று பத்தி போடுங்கள். ‘வீழ்படிவு வந்தது’ என்பதற்குப் பதில் நிறமும் நேரமும் எழுதுங்கள். வெற்றுக் குழாயின் முடிவையும் ஒரு வரியில் சேருங்கள், அதைப் பார்த்ததும் தேர்வாளர் அடுத்த பக்கம் திருப்புவார். சில்வர் கழிவும் டிஎன்பி கழிவும் தனித்தனிப் பாட்டிலுக்கு, கழுநீர்த் தொட்டிக்கு அல்ல. வழிப்பொருளை ஒரு சின்ன உறையில் போட்டு எண், பெயர், உருகுநிலை எழுதி ரெக்கார்டோடு பின் செய்து, அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.